காற்றுப்பையைத் துவைத்த நாள்

டீயில் இஞ்சி கொஞ்சம் ஜாஸ்தி, ஆனாலும் நன்றாக இருக்கிறது ஐயா. மஞ்சக்குப்பத்துக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷன் டீ இவ்வளவு ருசியாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. உட்காருங்கள், சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

என் பெயர் சுப்புராயன். சிதம்பரம் சாலையில் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் ரேடியோ என் பொறுப்பு. காற்று எந்தப் பக்கம், எந்தத் திசை பார்த்து இறங்க வேண்டும் என்று வருகிற விமானத்துக்கு நான் சொல்வேன். பைலட் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் ஐயர் சொல்வதை மாப்பிள்ளை திருப்பிச் சொல்வதில்லையா, அதுபோலத்தான். அதுதான் முறை.

எங்கள் பள்ளி பைலட் பழனிவேல் மட்டும் சொல்ல மாட்டான். "சரி மாமா" என்பான், அவ்வளவுதான். கம்பத்தில் தொங்கும் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை எந்தப் பக்கம் உப்பி நீள்கிறது என்று மேலிருந்தே பார்த்துவிட்டு, தன் இஷ்டத்துக்கு இறங்குவான். இறங்கி வந்து, "மாமா, அந்த ரேடியோவுல பாட்டாவது போடுங்க" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அவன் சொன்னால் சிரிப்பு வந்துவிடும். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். தில்லை அம்பலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் என் சொல் ஏறவில்லை, பாருங்கள்.

தங்கமான பையன் ஐயா. என் மகள் வினோதினியை அவனுக்குத்தான் பேசி முடித்திருந்தேன். தை மாதம் கல்யாணம். பண்ருட்டிப் பலாப்பழம் வாங்கிவந்தால் பாதியை ஒற்றை ஆளாய்க் காலி செய்வான். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். என்ன, வினோதினியும் கொஞ்ச நாளாக நான் எது சொன்னாலும், "அவுங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுச் சொல்றேம்பா" என்பாள். அதில் எனக்கு வருத்தம் இருந்தது. இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஸ்பேனர், சுத்தியல் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்தோம். காற்றுப்பையும் அழுக்கேறிக் கிடந்தது. அதைக் கழற்றி, சோப்புப் போட்டுத் துவைத்து, ரேடியோ அறைக்குப் பக்கத்தில் கொடியில் காயப்போட்டேன். அதுவும் ஆயுதம்தானே. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சர்வீஸுக்குப் போயிருந்த சின்ன விமானமும் பூஜையில் இருக்க வேண்டும் என்று, பழனிவேல் அன்று பிற்பகல் அதை ஓட்டிக்கொண்டு வந்தான். எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். காற்றை முகத்தில் வாங்கியபடி கிழக்கே பார்த்துத்தான் இறங்க வேண்டும். மேற்கே பார்த்து இறங்கினால் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். சக்கரம் தரை தொடவே நேரமாகும், அப்புறம் நிற்க இடம் போதாது. அந்தக் கோடியில் சிமெண்ட் கரை கட்டிய வாய்க்கால். அங்கே கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் இது தெரியும்.

"மாமா, கம்பத்துல பையக் காணோமே? கடக்காத்து இன்னும் எழும்பலியா?"

"தொவச்சுப் போட்டிருக்கேன் மாப்ள. மேற்கே பாத்து எறங்கு. காத்து இல்ல."

ஜன்னல் வழியே கொடியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். பை நன்றாக உப்பி, மேற்கே நீண்டு ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு, "மேற்கே பாத்து எறங்குறேன். காத்து இல்ல" என்றான். என் சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னான் ஐயா. வினோதினி பிறந்த அன்றைக்குத்தான் எனக்கு அப்படியொரு சந்தோஷம் இருந்தது.

பாதி ஓடுபாதை தாண்டியும் சக்கரம் தரை தொடவில்லை. "மாமா, பின்காத்து மாதிரி இருக்கே?" என்றான். "இல்ல மாப்ள, எறங்கு" என்றேன். மறுபடி மேலே போ என்று சொல்லியிருக்கலாம்; மைக் கையில்தான் இருந்தது, நேரமும் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். முதன்முதலாக என் பேச்சைக் கேட்டிருக்கிறான். அந்த நேரத்தில் நானே பேச்சை மாற்றினால் அப்புறம் யார் மதிப்பார்கள்?

வாய்க்கால் பக்கம் சத்தம் கேட்டது. பையன் அங்கேயே போய்விட்டான். எல்லோரும் அந்தப் பக்கம் ஓட, நான் கொடியிலிருந்து காற்றுப்பையை எடுத்துக் கம்பத்தில் மாட்டினேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள்: காற்று இருந்தது, எனக்குத் தெரியும், தெரிந்தேதான் இறக்கினேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

வினோதினி நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லையாம். ஃபோன் போட்டுக் கொடுங்கள் ஐயா, நான் ஒரு வார்த்தை சொல்கிறேன். இனிமேல் என் பேச்சைக் கேட்பாள்.