ஏரிக்கரை ஊரில் அக்காவின் நாக்கு

நவம்பர் 19, புதன்

கதை எழுதும் வகுப்பில் கொடுத்த பயிற்சியை நேற்று தப்பாகச் செய்துவிட்டேன். ஒரு தொலைபேசிப் பேச்சில் ஒருவர் குரலை மட்டும் எழுதி வரச் சொன்னார்கள். நான் இரண்டு பேர் பேசியதையும் எழுதிக்கொண்டு போனேன். அதிலும் நான் பேசியதை, உண்மையில் பேசியதைவிடக் கெட்டிக்காரத்தனமாக எழுதியிருந்தேன். ஆசிரியை அந்த வரிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டார். ஆகவே இன்று அக்கா பேசியதை மட்டும் எழுதுகிறேன். நான் பேசிய இடங்களில் புள்ளிகள் வைத்திருக்கிறேன். புள்ளிகள் அதிகமோ என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது.

எங்கள் சுற்றுலாக் கம்பெனியில் அக்காவுக்கு ஒரே வேலை. பஸ் போவதற்கு முன்பே ஊர் ஊராகப் போய், புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடைகளில் சாப்பிட்டுப் பார்ப்பது. அவள் 'உண்டு' என்றால் பயணிகளோடு பஸ் அங்கே நிற்கும். 'இல்லை' என்றால் நிற்காது. அவள் சொல்வதை அலுவலகத்தில் உட்கார்ந்து தாளில் ஏற்றுவது என் வேலை. இன்று மாலை நான் வகுப்புக்குக் கிளம்பும்போது போன் அடித்தது.

ஹலோ... ஆமா, நான்தான். வேற யாரு உனக்குப் போன் பண்ணுவா?... ஆமா, ஆமா, லாட்ஜுக்கு வந்துட்டேன்... சாப்பிட்டேனாவா? டேய், அதுக்குத்தானே எனக்குச் சம்பளமே! கேக்கறான் பாரு கேள்வி... சரி, தாளை எடு. பேனா இருக்கா?... கதை எழுதற பேனா வேண்டாம், ஒழுங்கா எழுதற பேனாவா எடு... எடுத்துட்டியா? மூணு கடை. மூணும் இல்லை... மூணும்தான்டா. ஒண்ணு, இல்லை. ரெண்டு, இல்லை. மூணு, இல்லவே இல்லை. போட்டாச்சா?... என்னது, யோசிச்சு சொல்லணுமா? யோசிச்சுக்கிட்டேதான் சாப்பிட்டேன். சாப்பிட்ட அப்புறமும் யோசிச்சேன். இந்த ஊரையே அடிச்சுடு. பஸ் நேரா மலைப் பக்கம் போகட்டும்.

காரணமா? முதலாளி கேப்பாரா? அவருக்கு என்ன தெரியும், சூப்புல சர்க்கரை போட்டுக் குடிக்கற மனுஷன்... சரி, கேளு. முதல் கடை மாடியில. படி ஏறும்போதே தெரிஞ்சு போச்சு. சுவர் பூரா சைக்கிள் சக்கரம், உடைஞ்ச துடுப்பு, ஓட்டை வாளி. நான் வந்தது சாப்பாட்டுக் கடைக்கா, காயலான் கடைக்கா? மெனு அட்டையைக் கொண்டாந்து வச்சான். ஒவ்வொரு அயிட்டத்துக்கும் ஒரு பாரா. மீன் ஏரியில பொறந்து, வளந்து, வலையில மாட்டி, அடுப்புக்கு வந்து சேர்ந்த சரித்திரம். அப்படியே நீ எழுதற மாதிரி இருந்துச்சு... திட்டலைடா, உள்ளதைச் சொல்றேன்... மீனா? அது மீன்னு அட்டையில போட்டிருந்தான், அதனால எனக்குத் தெரிஞ்சுது. வாயில வச்சா ஈரப் பஞ்சு. உப்பு இருக்கு, காரம் இருக்கு, அதோட சரி. உப்புத் தடவின தலைகாணி.

ரெண்டாவது ஒரு பழைய கார் ஷெட்டு. வாசல்ல பலகை: 'வட்டாரச் சமையல், புது வடிவத்தில்'. வடிவம் மட்டும்தான்டா இருக்கு! தாம்பாளம் அளவுக்குத் தட்டு, நடுவுல கோலிக்குண்டு அளவுக்கு ஒரு உருண்டை. சுத்தி மூணு சொட்டு, பச்சையா. கேட்டுட்டேன், தம்பி, இது சாப்பாடா, இல்ல தட்டைக் கழுவ மறந்துட்டியான்னு... மூஞ்சிக்கு நேராதான். பின்ன முதுகுக்கா கேப்பாங்க?... அவன் சிரிச்சான். சிரிக்கச் சொல்லிக் குடுத்துதானே வேலைக்கே வைக்கறாங்க. ரொட்டி வேற, ஏரிக்கரைப் புல்லைக் கொளுத்தி அந்தப் புகையில சுட்டதாம். புகையைத் தேடறேன், தேடறேன், காணவே காணோம். மேஜைக்கு அடியிலகூட குனிஞ்சு பாத்தேன்... ஆமா, குனிஞ்சுதான். பக்கத்து மேஜையில ஒருத்தி அதே ரொட்டியைப் பிட்டு மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டு ஆஹாங்கறா, ஓஹோங்கறா. புருஷன் அதைப் படம் எடுக்கறான். ஊர் சுத்த வர்ற ஜனங்க இருக்கே, பொய்யைக் காசு குடுத்து வாங்கித் தின்னுட்டு, பல்லுக் குத்திக்கிட்டு வீட்டுக்குப் போகும்.

...

ம்? மூணாவதா? அது நல்லா இருக்கும்னு நினைச்சுதான் போனேன். ஏரி ஓரமா சின்னக் கடை. பொண்டாட்டி சமைக்கறா, புருஷன் பரிமாறறான். திறந்து ஒரு வருஷம்கூட ஆகலை, வாசல்ல நிக்க இடம் இல்லை. ஒரு சாறு வச்சுக் குடுக்கறாங்க. ஏரி மீனையும், கரையில முளைக்கற ஏதோ ஒரு தழையையும் போட்டு. இந்த ஊரை விட்டா வேற எங்கயும் கிடைக்காதாம். நல்ல வேளை, மத்த ஊர்க்காரங்க தப்பிச்சாங்க!... வெந்நீர்டா. புளிச்ச வெந்நீர்... ஒரு கிண்ணம் குடுத்தாங்க. முழுசா குடிக்கலை, எப்பவும் மூணு வாய்தான் என் கணக்கு, உனக்குத் தெரியாதா? இங்க பாதிக் கிண்ணம் குடிச்சேன்... ஏன்னா? தேடினேன்டா. இத்தனை பேர் நிக்கறாங்களே, எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான்னு தேடினேன்.

எதிர்ல ஒரு லாரி டிரைவர். ஆளு மலை மாதிரி. கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கறான். குடிச்சு முடிச்சுட்டும் கிண்ணத்தைக் கீழ வைக்கலை, மூஞ்சிக்கிட்டயே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நாடகத்துல சேர வேண்டியவன் தவறிப் போய் லாரி ஓட்டறான்.

... ஆமா, அந்தப் பொம்பளை வெளிய வந்தா. என் பையில கம்பெனி பேரைப் பாத்துட்டா போல. கையைத் துடைச்சுக்கிட்டு, 'எப்படிங்க இருந்துது'ன்னா... சொன்னேன். 'இதுல ஒண்ணுமே இல்லைம்மா'ன்னேன்... பின்ன, கட்டிப் பிடிச்சுக்கச் சொல்றியா? அவ புருஷனைப் பாத்தா. அவன் வந்து என் கிண்ணத்தை எடுத்து, மிச்சத்துல ஒரு வாய் குடிச்சுப் பாத்தான். என் எச்சில்டா! குடிச்சுட்டு அவளைப் பாத்தான். ரெண்டு பேரும் முழிச்சாங்க. குட்டு உடைஞ்சா அப்படித்தான், முழிக்கத்தான் வரும்... அவ ஒண்ணு மட்டும் சொன்னா. குளிர் வந்தா இந்தக் கூட்டம் இருக்காது, பஸ் வந்து நின்னா குளிர்காலத்தைத் தள்ளிடுவோம், இல்லாட்டி கடையை மூடிட்டு வேற வேலை பாக்கணும்னு... அதுக்கு? பாவம் பாத்து பஸ்ஸை நிறுத்தறதுக்கு நான் எதுக்கு? ஒரு சாமியாரை அனுப்பலாமே!

... என்ன முனகறே? சத்தமா சொல்லு... போன ஊரா? ஆமா, அங்கயும் இல்லைதான். அதுக்கு முந்தின ஊரா?... அதுவும் இல்லை. அதனால என்ன? எல்லா ஊர்லயும் சமையல் கெட்டுப் போச்சு, நான் என்ன பண்ணட்டும்?... காய்ச்சலா? அது அப்பவே போயாச்சு. மூக்கடைப்பெல்லாம் ஒண்ணும் இல்லை, மூச்சு சும்மா ரயில் மாதிரி போகுது. நீ என்ன, வக்கீலா? ராத்திரி வகுப்புக்குப் போனதுல இருந்து உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி. இதோ பாரு, இத்தனை வருஷமா எண்ணெய் புதுசா பழசான்னு வாசல்ல நின்னே சொன்னவடா நான். என்கிட்டயா—

இரு, யாரோ கதவைத் தட்டறாங்க. வைக்காதே... யாரு? மேனேஜரா? என்னங்க?... கருகற வாடையா? இங்கயா? இல்லைங்களே. கீழ உங்க சமையல் கட்டுல போய்ப் பாருங்க, அங்கதான் தினமும் கருகுது... எனக்கு ஒண்ணும் வரலைங்க... ஏங்க, பொம்பளை தனியா தங்கியிருக்கற ரூம்ல நீங்க பாட்டுக்கு உள்ள— ஐயோ! ஐயய்யோ, துண்டு! தண்ணியை ஊத்துங்க... வேண்டாம், வேண்டாம், முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க! பிளக்கை!

...

... ஹலோ. இருக்கேன்... இல்ல, ஒண்ணும் ஆகலை. துண்டை ஹீட்டர் மேல காயப் போட்டிருந்தேன், பாதி கரிஞ்சு போச்சு... எனக்குப் பின்னாடிதான். கட்டில் விரிப்பு அதுக்குப் பக்கத்துலயே தொங்குது... ஆமா... தெரியலை... தெரியலைன்னா தெரியலைடா! கண்ணு எரிஞ்சுது, உன்கிட்ட பேசற எரிச்சல்னு நினைச்சேன்... மேனேஜருக்கு மாடிப்படியிலயே வாடை வந்துடுச்சாம். அங்க நின்னு இருமிக்கிட்டிருக்காரு.

... எதுக்கு?... பெட்டியில தைலம் இருக்கு. எதுக்குடா?... சரி, சரி, எடுக்கறேன், கத்தாதே... ம். ஜில்லுனு ஏறுது... வாசனையா?... ஜில்லுனு இருக்குடா... இல்ல... சோப்பா? இரு... இல்ல... காப்பித்தூள் பொட்டலம் ஒண்ணு வச்சிருக்காங்க. இது படு மட்டம், இதுல என்ன வாசனை வந்துடப் போகுது... சரி, பாக்கறேன்...

...

இல்ல.

... என்னது? கழட்டிப் போட்ட சாக்ஸா? சீ, போற புத்தி போகுது பாரு!... டேய், நான் உன் அக்கா... சரி, இரு.

... அதுவும் இல்லடா.

...

பேசு. சும்மா இருக்காதே. எப்பவும் தொண தொணன்னு சந்தேகம் கேப்பியே, இப்பக் கேளு... ஆமா, காய்ச்சலுக்கு அப்புறம்தான் இருக்கணும். வீட்டுல நீ வச்ச குழம்பும் சப்புன்னுதான் இருந்துது. அது நீ வச்சதாச்சேன்னு விட்டுட்டேன்... எத்தனை கடைடா ஆச்சு அதுல இருந்து?... வேண்டாம், எண்ணாதே.

... முதலாளிகிட்டயா? சொல்லிப் பாரு, நாக்கை அறுத்துடுவேன். உன் நாக்கை. என்னோடது இருந்து என்ன, போய் என்ன... டேய், எனக்கு வேற என்னடா தெரியும்? கணக்குத் தெரியுமா, கம்ப்யூட்டர் தெரியுமா? தின்னுட்டு நல்லதா கெட்டதான்னு சொல்லத் தெரியும். அது ஒண்ணுக்காகத்தான் அந்தாளு எனக்கு ரூம் போட்டுக் குடுத்து ஊர் ஊரா அனுப்பறாரு. நாளைக்கு உண்மை தெரிஞ்சுதுன்னா என் இடத்துல அவரோட மச்சானை உக்கார வைப்பாரு. அவன் சாம்பலைக்கூட ரெண்டாவது தடவை கேட்டு வாங்குவான்.

... டாக்டர்கிட்ட போறேன்டா, போக மாட்டேன்னா சொன்னேன்? அது திரும்பி வந்தப்பறம். தாள் எப்ப அச்சுக்குப் போகுது?... நாளைக்குச் சாயங்காலமேவா?... என்னது? மூணுக்கும் 'உண்டு' போட்டுடறதா? அறிவு இருக்கா உனக்கு? தெரியாம 'இல்லை'ன்னேன், அது தப்பு. தெரியாம 'உண்டு'ன்னா மட்டும் அது புண்ணியமா? அந்த மாடிக் கடை எனக்குப் பத்து மூக்கு இருந்தாலும் 'இல்லை'தான். அதுக்கு மூக்கு வேண்டாம், கண்ணே போதும்... அந்த ஏரிக்கடையா...

...

அவன் குடிச்சுப் பாத்தான்டா, என் கிண்ணத்துல. தன் பொண்டாட்டி எங்கயோ தப்புப் பண்ணிட்டாளோன்னு குடிச்சுப் பாத்தான்.

... சரி. காலையில முதல் பஸ் எப்ப?... அதுல ஏறி வா... நீதான்டா. உன் பக்கத்துல வேற யாராவது நிக்கறாங்களா?... ஆமா, உனக்கு நாக்கே கிடையாதுன்னு நான்தான் சொன்னேன். இப்பவும் சொல்றேன். உனக்கு ரொட்டியும் ஒண்ணு, அட்டைப்பெட்டியும் ஒண்ணு. ஆனா நாசமாப் போன மூக்கு ஒண்ணு வேலை செய்யுதே உனக்கு!... வகுப்பா? ஒரு நாள் நீ எழுதாட்டி பேப்பர் மிச்சம்.

இல்லடா, நீ எதுவும் சொல்லவே வேண்டாம். சொன்னா நான் நம்பவும் மாட்டேன். 'நல்லாத்தான் இருக்குன்னு தோணுது, ஆனா நிச்சயமாத் தெரியலை'ம்பே. உன்னோட 'தோணுது'வை வச்சுக்கிட்டு பஸ்ஸை நிறுத்த முடியுமா? பொத்திக்கிட்டு மூணு கடையிலயும் சாப்பிடு. நான் எதிர்ல உக்காந்து உன் மூஞ்சியைப் பாக்கறேன்... ஆமா, மூஞ்சியைத்தான். நீ பால் புட்டி குடிச்ச காலத்துல இருந்து பாக்கறேன், அதுல ஒரு பொய்யாவது நின்னிருக்கா? பிடிச்சா புருவம் தானா ஏறும். பிடிக்கலைன்னா காது மடல் பின்னாடி போகும், கழுதைக்குப் போற மாதிரி... சிரிக்காதே. அங்க வந்தும் சிரிக்காதே. எனக்கு வேற வழி இல்லை, தெரியுதா? இருந்திருந்தா உன்னைக் கூப்பிடுவேனா?

... அந்தப் பொம்பளைகிட்டயா? நான்தான் பேசணும்... தெரியலை. நான் யார்கிட்டயும் அப்படிப் பேசினது இல்லை. 'நான் சொன்னது தப்பு'ன்னு எப்படிடா ஆரம்பிக்கறது?... நீ எழுதிக் குடு. உனக்குத்தான் எழுத வருமே, எதுக்காவது உதவட்டும்... ரெண்டு வரி. ஏரி, நிலா, தண்ணியில விழற வெளிச்சம், அதெல்லாம் கூடாது. ரெண்டு வரிக்கு மேல போச்சுன்னா நான் படிக்க மாட்—

(இங்கே லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.)

நாளை: வகுப்புக்கு வர முடியாது என்று ஆசிரியைக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு வரியை எழுதிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். காப்பிகூடக் குடிக்காமல், வெறும் வயிற்றோடு முதல் பஸ் ஏற வேண்டும்.