பல்லியின் பூர்வீகம்

பூந்தமல்லியிலிருந்து திருமழிசை போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் கம்பெனிச் சீருடையில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டபின் நான் போனைப் பார்க்கவே இல்லை.

"எங்க ஊட்டுப் பல்லி கீதே மாமே, அது கப்பல முழுங்குற கடல் பூதத்தோட வம்சம்."

"இன்னாடா ஒளர்ற?"

"கோயில் தோரணத்துல மகர மீனு கீது பாரு, அதே வாயி, அதே வாலு. கடலு வத்தினப்போ இது செவுத்துல ஏறிக்கிச்சி."

"யாரு சொன்னா?"

"நான்தான் அதாண்ட கேட்டேன். ஒடனே ச்சு ச்சுன்னுச்சி. பல்லி சொன்னா ஆமான்னுதானே? நானும் விரலால தரையத் தட்டிட்டேன்."

"பல்லியாண்டவா பேசிக்கினு கீற?"

"ஊட்ல வேற யாரு கீறாங்க?"

பேருந்து சிக்னலில் நின்றது.

"எது கேட்டாலும் சொல்லுது மாமே. கோச்சிக்கினு அம்மா ஊட்டுக்குப் போனவ திரும்பி வருவாளான்னு கேட்டா மட்டும் கம்முனு கீது."

மற்றவர் சாலைப் பக்கம் திரும்பினார். பிறகு, பல்லி மாதிரியே, நாக்கால் "ச்சு ச்சு ச்சு" என்றார்.

ஜன்னலோரத்துக்காரர் சிரிக்கவில்லை. முன்னாலிருந்த கம்பியில் விரலால் மூன்று முறை தட்டினார்.