குட்டையில் ஒதுங்கிய பச்சை

வீட்டைப் பெருக்கித் துடைத்தால்தான் எனக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கும். அது குற்றமில்லையே, ஐயா.

எங்களுக்கும் என் கொழுந்தனார் குடும்பத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் என் படுக்கையறை ஜன்னல். அந்தப் பக்கம் அவர்களுடைய மாட்டுத்தொழுவம். சாணம், மூத்திரம், மாட்டின் வாயிலிருந்து கயிறு கயிறாகத் தொங்கும் எச்சில். அந்த வாயைத் துடைத்துவிட்ட கையோடு என் ஓரகத்தி வந்து, "அக்கா" என்று தோளைத் தொடுவாள். குளித்துவிட்டுத்தான் மறுபடி அடுப்படிக்குள் போவேன். தொழுவத்தை மாற்றச் சொல்லிக் கொழுந்தனாரிடம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். "மாடுன்னா கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும் அண்ணி" என்று சிரித்தார்.

தொழுவத்துக் கழிவு என் வாசலை ஒட்டித் தேங்கியது. ஆள் வைத்து அதைப் பின்னால் இருக்கும் குட்டைக்குத் திருப்பிவிட்டேன். அவர்கள் அழுக்கை அவர்கள் மாடு குடிக்கும் இடத்துக்கே அனுப்பினேன், அவ்வளவுதான். வெயில் ஏறியதும் குட்டை பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் ஆனது. காற்றடித்தால் அது ஏடாகத் திரண்டு எங்கள் கரையில் ஒதுங்கும். நாற்றம் என் ஜன்னல்வரை வரும்.

ஒரு கன்று தள்ளாடி விழுந்து செத்தபோது கால்நடை மருத்துவர் வந்தார். "இந்தப் பாசி விஷம். கொஞ்சம் குடிச்சாலே மாடு தாங்காது. காய்ச்சினாலும் போகாது" என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். கொழுந்தனார் கரையில் வேலி கட்டினார். தொழுவத்தில் தொட்டி வைத்து மோட்டார் தண்ணீர் நிரப்பினார்.

அவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். "உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் அக்கா" என்று ஓரகத்தி சாவியைக் கொடுத்தாள்.

காலையில் தொட்டியின் அடைப்பானை உருவினேன். உச்சிவெயில் வரை மாடுகள் தண்ணீரில்லாமல் காய்ந்தன. பிறகு வேலியை அவிழ்த்தேன், மாட்டுக் கயிறுகளையும் அவிழ்த்தேன். எதையும் ஓட்டிக்கொண்டு போகவில்லை. அவையாகத்தான் போயின. பச்சையை விலக்கக்கூடத் தெரியாமல் உறிஞ்சிக் குடித்தன.

இருட்டுவதற்குள் கால் நடுங்கி ஒவ்வொன்றாகச் சரிந்தன. சினைமாடுதான் வெகுநேரம் இழுத்துக்கொண்டு கிடந்தது. கரையில் ஒதுங்கிய பச்சையில் புரண்ட அவர்கள் நாய், தன் ரோமத்தை நக்கியே செத்தது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

ஓரகத்தி திரும்பி வந்து சினைமாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, தொட்டியில தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

நம்பினாள். பச்சை பிசுபிசுத்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எவ்வளவு சோப்பு போட்டும் அந்தப் பிசுக்கு போனதாக எனக்குத் தோன்றவில்லை.

தொட்டியின் அடைப்பானை வீட்டைச் சோதனை போட்டு என் அலமாரியிலிருந்து நீங்களே எடுத்துவிட்டீர்கள். கழுவித்தான் வைத்திருந்தேன். ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான்; எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். குழி தோண்ட ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி, உப்பிய வயிறுகளை ஈ மொய்க்க அப்படியே போட்டு வைத்தார்கள். அந்த நாற்றம் முழுவதும் என் படுக்கையறைக்குள்தான் வந்தது. அதற்கு இன்றுவரை அவர்களில் ஒருவர்கூட என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.