மெலிந்த மச்சாளின் துணிச்சல்

மல்லாவியிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒருவருக்கொருவர் மச்சாள்மாரான இரண்டு பெண்கள் இருந்தார்கள். பருத்தவள் இருக்கையில் முக்கால்வாசியை நிறைத்திருந்தாள். மெலிந்தவள் மிச்சத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“மார்புப் புற்றுநோய் உங்களை மாதிரி உடம்பு வச்ச ஆக்களுக்குத்தான் மச்சாள். எனக்கு வர இடமெங்கை கிடக்கு?” என்றாள் மெலிந்தவள்.

“மாதவிடாய் நிண்டாப்பிறகு உடம்பு வச்சால் கூடுதலாய் வருமெண்டு கிளினிக்கிலை சொன்னவை, ஓம். மெலிஞ்ச ஆக்களுக்கு வராதெண்டு சொல்லேல்லை. மெலிஞ்சவளெண்டு நுளம்பு உன்னைக் கடிக்காமல் விட்டிட்டே போகுது?”

மெலிந்தவள் அவள் காதருகே குனிந்தாள்.

“இடப்பக்கம் சின்னதாய் ஒரு கட்டி தட்டுப்படுது மச்சாள்.”

பருத்தவள் எழுந்து நின்றாள். “அண்ணை, ஆஸ்பத்திரியடியிலை நிப்பாட்டுங்கோ!”

“நாங்கள் கலியாண வீட்டுக்கல்லோ போறம்!”

“தாலி கட்டுறது மாப்பிளை. நீ இறங்கு.”

இருவரும் இறங்கினார்கள்.