வைத்திலிங்கம் உழுத நிலம்

பொருட்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம் மேடம். என் அறைக்கு வந்து பார்த்தால் தெரியும். கேம் டிஸ்க்குகள் எல்லாம் உறை கலையாமல் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் நிற்கும். நெய்வேலியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் கரித்தூள் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொன்றாக எடுத்து மெல்லிய துணியால் துடைத்து வைப்பேன். அம்மா இதைப் பூஜை என்று கேலி செய்வாள். எனக்குக் கோபம் வருவதில்லை. ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

இசைப்பிரியா உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரைப் படித்தேன். சட்டம் படிக்கிற பெண், நன்றாகவே எழுதியிருக்கிறாள். உணர்ச்சிதான் கொஞ்சம் தூக்கல். நான் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அப்பா இசக்கிமுத்து நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில்தான். வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் விமர்சனம் செய்து யூடியூபில் போடுகிறேன். அதை ஒழுங்காகச் செய்கிற வேறு ஆள் யாரென்று கேட்டால் எனக்குப் பெயர் சொல்லத் தெரியாது. தன்னடக்கம் வேண்டுமானால் காட்டலாம், ஆனால் நீங்கள் உண்மையைத்தானே கேட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஜார் ஜூஸ் கடையில் சிலர் கூடுவோம். இசைப்பிரியா உட்பட எல்லோரும் கேம் ஆடுகிறவர்கள். அங்கே ஓயாமல் நடக்கிற சண்டை ஒன்றுதான். டிஸ்க் வாங்குவதா, இணையத்திலேயே இறக்கிக்கொள்ளும்படி டிஜிட்டலில் வாங்குவதா? டிஸ்க் வாங்கினால் அது உங்களுடையது. விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், கம்பெனி மூடினாலும் அலமாரியில் இருக்கும். டிஜிட்டலில் வாங்குகிறவன் எதையும் வாங்குவதே இல்லை. ஆடிக்கொள்ள ஓர் அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு அதை எடுத்துவிட்டால் கேட்க நாதியில்லை. ஆனாலும் ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதியிருப்பதை நம்பி அழுத்துகிறார்கள். நிபந்தனைகளை எவனும் படிப்பதில்லை. நான் படிப்பேன். படித்துச் சொன்னால், “வுடு ப்ரோ, அதுல்லாம் ஆவாது” என்று கரும்பு ஜூஸை உறிஞ்சுவார்கள்.

சிலம்பரசன் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமம். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. டிவியில் மாட்டிக் கேம் ஆடுகிற என்னுடைய பழைய கன்சோலை அவன்தான் வாங்கிக்கொண்டான். அதில் டிஸ்க் போடுகிற பகுதி பழுது. அதனால் டிஜிட்டல் கேம் மட்டும்தான் ஓடும். அவனுக்கு இதெல்லாம் புரியாது என்பதால் கேம் வாங்குவதற்கான அக்கவுண்ட்டை என் மின்னஞ்சலிலேயே தொடங்கிக் கொடுத்தேன். அவன் பணம் கட்டி வாங்கிய கேம் எல்லாம் அதில் சேர்ந்தது. உதவியாகத்தான் செய்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் அப்பா வைத்திலிங்கம் பக்கவாதம் வந்து கிடந்தவர். இடது பக்கம் வராது, பேச்சும் குழறும். படுத்தே கிடக்கிறாரே என்று சிலம்பரசன் அவருக்கு ஒரு விவசாய கேம் போட்டுக் கொடுத்திருக்கிறான். கன்ட்ரோலரை ஒரு பலகையில் கட்டி, எல்லாப் பொத்தானையும் வலது கைக்கு வருகிற மாதிரி மாற்றிவிட்டான். அந்த ஆள் காலையில் எழுந்ததும் டிவியைப் போடச் சொல்லிச் சைகை காட்டுவாராம். உழுவது, விதைப்பது, தண்ணீர் காட்டுவது, மாட்டுக்குத் தீனி போடுவது. இதையே மறுபடி மறுபடி.

அதே கேமுக்கு நான் விமர்சனம் செய்திருந்தேன். மண்வெட்டியைத் தொட்டே பார்க்காதவர்களுக்காகச் செய்த மண்வெட்டி, விளையாட்டு என்று இதைச் சொல்லக்கூடாது, கூலி இல்லாத கூலிவேலை என்றேன். வெளிச்சம், ஒலி, கதைக்கட்டு என்று எல்லாவற்றையும் பிரித்துக் காட்டியிருந்தேன். நேர்மையான வேலை.

அதன் கீழே சிலம்பரசன் ஒரு பதிவு போட்டான். பேச்சுத்தமிழில், எழுத்துப்பிழைகளோடு. “எங்கப்பா ஆயுசுக்கும் அடுத்தவன் நெலத்துலதான் எறங்குனாரு. தன் நெலம்னு அவுரு மொதமொத எறங்குனது இந்த கேம்லதான். வேலில ஒரு பக்கம் தொறந்தே வச்சிகினு இருக்காரு. ஏன்பான்னு கேட்டா, பக்கத்து ஆளுங்க மாடு ஓட்டிகினு போவணும்லன்றாரு. கிராபிக்ஸ் எப்டின்னு எனக்கு சொல்லத் தெர்ல.”

இவ்வளவுதான். இதில் விமர்சனம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். ஆனால் ஊர் உலகமெல்லாம் அதை எடுத்துப் பகிர்ந்தது. கேம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் அழுதார்கள். என் வீடியோவை நாற்பது பேர் பார்த்தால் முப்பத்தொன்பது பேர் அவன் பதிவைப் படிக்கத்தான் வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஜூஸ் கடையில் அவனுக்கு நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். “அது உங்கப்பா நிலம் இல்ல சிலம்பு. கம்பெனி நிலம். அவர் அதுல வாடகைக்குக்கூட இல்ல. போன்னு சொன்னா போகணும்.”

அவன் சண்டைக்கு வரவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டான். “அப்ப ஒங்க குவார்ட்டர்ஸும் அப்டிதான ப்ரோ? அப்பா ரிட்டையர்டு ஆனா சாவிய குடுத்துட்டு கெளம்ப வேண்டிதான?”

எல்லோரும் சிரித்தார்கள். இசைப்பிரியா மேசையைத் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். புகாரில் இதைத்தான் நோக்கம் என்று எழுதியிருக்கிறாள். அது தவறு. ஒரு கான்ட்ராக்ட் ஆள் கேட்டதற்காக மனம் நோகிறவன் இல்லை நான். ஒரு கருத்து தவறாகப் பரவிக்கொண்டிருந்தது, அதைத் திருத்த வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அந்த அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டை மாற்றினேன். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதையும் அழுத்தினேன். என் பெயரில் இருக்கிற என் அக்கவுண்ட். பூட்டை மாற்ற யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்த சட்டையோடு சிலம்பரசன் வாசலில் நின்றான். “ப்ரோ, கேம் தொறக்க மாட்டுது. அப்பா சாப்டாம ஒக்காந்துகினு இருக்காரு. இன்னான்னு வந்து பாரேன்.”

பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து போனேன். சின்ன வூடு. வீட்டை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவன் அம்மா மாணிக்கம்மாள் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “தம்பி வந்துட்டாரு, சரி பண்ணிடுவாரு” என்று கணவர் காதில் சொன்னாள். டிவியில் பாஸ்வேர்டு கேட்கிற நீலத்திரை. அந்த ஆள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தியபடி இருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை.

“மாட்டுக்கு தண்ணி காட்டலயாம்” என்றான் சிலம்பரசன்.

கம்பெனி பூட்டியிருக்கிறது, இப்படி நடக்கும் என்று நான் எச்சரித்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். தலையாட்டினான். இதை வீடியோவாகப் போட்டால் கம்பெனிக்குப் பயம் வரும் என்றேன். உடனே சம்மதித்தான். அவன் அப்பாவின் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியதும் அவன்தான். அவர் அழுதபோது நான் கேமராவை அசைக்கவில்லை. கை நடுங்காமல் எடுப்பதும் ஒரு பயிற்சி.

அந்த வீடியோ என் வேலையிலேயே சிறந்தது. வாங்கியவனுக்குச் சொந்தமில்லை என்ற வாதத்தைத் தமிழில் யாரும் அவ்வளவு தெளிவாக வைத்ததில்லை. நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள். சிலம்பரசனே கை எடுத்துக் கும்பிட்டான். “ஒன்னாலதான் ப்ரோ எங்கப்பாவுக்கு ஒரு வழி பொறக்கும்.” அவன் பதிவை அப்போது யாரும் நினைக்கவில்லை.

இங்கேயே நின்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்ச நாள் போனதும் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவதாகவே இருந்தேன். ஆனால் இசைப்பிரியா சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். அவர்களிடமிருந்து பதில் வந்ததென்று ஜூஸ் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். அக்கவுண்ட்டை நாங்கள் பூட்டவில்லை, நல்ல நிலையில்தான் இருக்கிறது, உரியவர் எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம்.

“அஸ்வின், மெயில் ஒன்னுதுதான? போய்த் தொறந்து பாரேன்” என்றாள். அப்போது அவளுக்குச் சந்தேகமில்லை. சிலம்பரசன் எழுந்தே நின்றுவிட்டான்.

பார்த்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். நிதானமாக யோசித்தேன். திறந்தால் நிலம் அப்படியே இருக்கும். அப்படியானால் நான் வெளியிட்ட வீடியோ பொய்யாகிவிடும். நம்பிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் ஆவார்கள். விமர்சகனுக்கு நம்பகத்தன்மைதான் எல்லாம் மேடம். பொய் சொல்கிறவன் என்று பெயர் எடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே வீடியோவை உண்மையாக்க வேண்டியிருந்தது.

முதலில் அந்த நிலத்தைத் திறந்து ஒருமுறை பார்த்தேன். விமர்சகன் என்ற முறையில். வரப்பெல்லாம் நேராக இருந்தது. வேலியில் ஓர் இடைவெளி. மாடுகள் தண்ணீர்த் தொட்டியருகே நின்றன. குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் இல்லை. பிறகு அவர் அதுவரை ஆடியது பதிவாகியிருந்த சேமிப்பை அழித்தேன். அதன் பிறகு அக்கவுண்ட்டை நிரந்தரமாக மூடச் சொன்னேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன்.

சிலம்பரசனிடம், திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை என்று சொன்னேன். அந்த நேரத்தில் அது உண்மை. அவன் வேறொரு அக்கவுண்ட் தொடங்கி அதே கேமை மறுபடி வாங்கிப் போட்டிருக்கிறான். புது நிலம், கல்லும் முள்ளுமாக. அந்த ஆள் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம். இது தன்னுடையது இல்லை என்று கை காட்டினாராம். அதன் பிறகு சோறும் சரியாக இறங்கவில்லையாம். போர்வை மேல் கட்டைவிரல் மட்டும் அழுத்திக்கொண்டே இருக்குமாம். மாணிக்கம்மாள் சொல்லி அழுததாக இசைப்பிரியா எழுதியிருக்கிறாள். பக்கவாதம் வந்த உடம்பு, அவர் போனதற்கு எத்தனையோ காரணம் இருக்கும். டாக்டர் சான்றிதழில் கேம் என்று எழுதவில்லை.

அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று நானும் போயிருந்தேன். சிலம்பரசன் என் தோளில் சாய்ந்துதான் அழுதான். அக்கவுண்ட்டை மூடச் சொன்னதே உரியவர்தான் என்று கம்பெனியிடமிருந்து இசைப்பிரியாவுக்கு இரண்டாவது பதில் வந்தது அதற்குப் பிறகுதான்.

எனவே அழித்தது நான்தான். தெரிந்து, யோசித்து, என் கையால் அழித்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்றாலும் போடுகிறேன். ஆனால் புகாரில் ‘வைத்திலிங்கத்தின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள் மேடம். பிடுங்குவதற்கு அந்த ஆளிடம் எப்போதும் எதுவும் இருந்ததில்லை.