கொடுத்தவர் பெயர்

கூப்பன் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்களும் லேசாகச் சிரித்தீர்கள், பரவாயில்லை. ஒரு பற்பசைக் கூப்பனுக்கு என்ன பெரிய முறை வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றும். ஆனால் முறை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்தில், அந்த ஜவுளிக்கடை மாடிப்படியில், நீங்களே பார்த்தீர்கள். அமீனா பீயைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றியவர்களில் நீங்களும் ஒருவர் என்று கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது என்பதும் தெரியும். அந்தப் பொய்க் கூப்பன் எங்கிருந்து கிளம்பியது என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே பெஞ்சில் ஜொவிட்டா உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் நானே வந்தேன். முதலிலிருந்து சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் முடித்துவிடலாம்.

என் பெயர் மர்சலின். பிறந்தது சாந்தோம், குடியிருப்பது மந்தைவெளி. பள்ளிக்கூடத்தில் நன்னெறி வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள். என் கணவர் ஆம்ப்ரோஸ் இறந்த பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்கள் குடியிருப்பில் ஒரு கூப்பன் குழு ஆரம்பித்தேன். கடைகளில் பில்லோடு கொடுக்கும் கூப்பன், பேப்பரில் வரும் கூப்பன், போனில் பணம் கட்டினால் சுரண்டச் சொல்லி வருமே அந்தக் கூப்பன் எண், எல்லாமே ஒருவருக்கு வேண்டாதது இன்னொருவருக்கு உதவும். வாரம் முழுக்க வாட்ஸாப்பில் நடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கீழே ஹாலில் மேஜை போட்டு நேரில் மாற்றிக்கொள்வோம். மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள்.

முறைகளை நான்தான் வகுத்தேன். வெறுங்கையோடு வந்து வாங்கிக்கொண்டு போகக் கூடாது. தேதி முடிந்ததைக் கொடுத்துவிட்டு நல்ல பிள்ளையாகச் சிரிக்கக் கூடாது. ஒருவருக்கென்று தனியாகக் கொடுத்ததை ஊருக்கெல்லாம் அனுப்பக் கூடாது. உனக்கு உதவாவிட்டால் தேதி போவதற்குள் தேவைப்படும் ஓர் ஆளுக்குக் கொடு, அதுவும் சத்தமில்லாமல். பில் போடும் இடத்தில் பின்னால் நிற்பவர்களைக் காக்க வைக்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, கூப்பன் யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரைச் சொல்ல வேண்டும். ‘இது விசாலாக்ஷி மாமி கொடுத்தது’ என்று சொல்லிவிட்டுக் கொடுத்தால் வாய் என்ன தேய்ந்தா போய்விடும்? ஆனால் இந்த ஒன்றைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. தலைபாடாய் அடித்துக்கொண்டேன். குழுவில் மாற்றி மாற்றி எழுதினேன். ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஜொவிட்டா வந்தது போன வருஷம். எங்கள் மூன்றாவது மாடி டெரிக்கைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து வந்தவள். ஈக்காட்டுத்தாங்கலில் ஏதோ கம்பெனியில் வேலை. முதல் சனிக்கிழமையே வெறுங்கையோடு வந்து, மேஜையில் இருந்த ஓட்டல் கூப்பன்களை அப்படியே வாரிக்கொண்டு, “இன்னும் இருக்கா டீச்சர்?” என்று கேட்டாள். அடுத்த வாரம் ஒரே ஒருவர் பயன்படுத்தக்கூடிய கூப்பன் எண்ணைக் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டாள். அதற்கு நாலு பேர் அடித்துக்கொண்டார்கள்.

அடையாறில் ஒரு பல்பொருள் அங்காடியில் அவளுக்குப் பின்னால் நிற்கும் பாக்கியமும் எனக்குக் கிடைத்தது. பர்ஸுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய்க் கூப்பனை எடுக்கிறாள், பிரிக்கிறாள், படிக்கிறாள். ஒன்று தேதி முடிந்தது. “ஒரு நாள்தானேக்கா தாண்டியிருக்கு” என்று பில் போடும் பெண்ணிடம் வாதாடுகிறாள். வரிசை வாசல் வரை போய்விட்டது. யாரோ பின்னாலிருந்து, “இன்னாம்மா, வூட்லயே பாத்துகினு வரமாட்டியா?” என்று கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவளை எனக்குத் தெரியாதது போல் திரும்பி நின்றுகொண்டேன்.

அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அதை மறைக்க மாட்டேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், அப்படியே நடக்கவும் ஆரம்பித்தாள். யாருக்கு எது தேவை என்று அவளுக்கு ஞாபகம் இருக்கும். குழந்தை பிறந்த வீட்டுக்கு டயப்பர் கூப்பன், சர்க்கரை உள்ளவருக்கு ரத்தப் பரிசோதனைக் கூப்பன் என்று தேடிப்போய்க் கொடுப்பாள். சனிக்கிழமைகளில் என் மேஜையைத் தாண்டி அவளைச் சுற்றிக் கூட்டம். யார் என்ன தப்புச் செய்தாலும் சிரித்துக்கொண்டே, “விடுங்க, பழகிடும்” என்பாள். பழகிடுமாம். யார் பழக்கியது என்று ஒருவருக்கும் நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் குழுவில் வரும் கூப்பன்கள் வெளியே கசிய ஆரம்பித்தன. காலையில் நான் போட்டால் மத்தியானம் கோடம்பாக்கத்தில் யாரோ ஒரு குழுவில் கிடக்கும். என் கணவரின் பழைய எண்ணை நான் இன்னமும் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறேன். அந்த எண்ணை வெளியே உள்ள சில ஆஃபர் குழுக்களில் சேர்த்திருந்தேன். எதையும் எடுப்பதற்காக அல்ல, கண்காணிப்பதற்கு. கசியவிடுவது ஜொவிட்டாதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. எல்லோருக்கும் அள்ளி அள்ளிக் கொடுக்கிற கை வேறு என்ன செய்யும்?

இதைச் சொல்லலாம் என்று சனிக்கிழமை ஹாலுக்குப் போனேன். எனக்கு முன்னால் விசாலாக்ஷி பேசிவிட்டாள். ஆரம்பத்திலிருந்து என்னோடு இருப்பவள். “டீச்சர், உங்களுக்கும் முடியாம போயிண்டிருக்கு. குழுவை ஜொவிட்டா கையில குடுத்துடுங்கோளேன். அவ சிரிச்சுண்டே பண்றா. நீங்க கோவிச்சுக்கறேள், பாதி பேர் பயந்துண்டு வரதே இல்லை” என்றாள். ஹாலில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. ஜொவிட்டாதான், “ஐயோ, டீச்சர் இருக்கும்போது நான் எதுக்கு மாமி?” என்றாள். அந்த அடக்கமும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை முடிவு செய்யலாம் என்று கலைந்தார்கள்.

எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். குழு தப்பான கைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை. அதனால் ஒரு பரீட்சை வைத்தேன். எங்கள் கோயில் திருவிழா அழைப்பிதழ்களைப் போனிலேயே செய்பவள் நான், எனக்கு அது பெரிய வேலையில்லை. ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், மாடியில் இருக்கும் அந்த ஜவுளிக்கடையின் பெயரில் ஒரு கூப்பன் செய்தேன். ஞாயிறு காலை கடை திறக்கும்போது முதலில் வருபவர்களுக்குப் பட்டுப்புடவை இலவசம். கடைக்காரர்களுக்கு எதுவும் தெரியாது, அவர்களை விட்டுவிடுங்கள். கூப்பன் எண்ணின் கடைசியில் ஜொவிட்டாவின் முதல் எழுத்தைச் சேர்த்தேன். அவளுக்கு மட்டும் அனுப்பி, ‘இது உனக்கு மட்டும்’ என்று எழுதினேன். வெளியே வந்தால் அவள் விட்டது என்று நிரூபித்துவிடலாம்.

வரவில்லை, மேடம். நாளெல்லாம் என் கணவரின் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு குழுவிலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருமுனையில் அமீனா பீயைப் பார்த்தேன். புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பவர். என் புடவைகள் எல்லாமே அவர் கையில் தைத்தவைதான். மகள் தூபாவுக்கு நிக்காஹ் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. “டீச்சரம்மா, ஜொவிட்டா பொண்ணு எனக்கு ஒரு கூப்பன் குட்த்துச்சு. யாராண்டயும் சொல்லாத, உனக்குத்தான் தேவைன்னுச்சு. தூபாவுக்கு ஒரு பட்டு கூட எடுக்கல, இன்னா பண்றதுன்னு முழிச்சிகினு இருந்தேன். அல்லா கண்ண தொறந்துட்டான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதாவது, ஜொவிட்டா அதை ஊருக்கு அனுப்பவில்லை. தனக்கு வேண்டாததை, தேதி போவதற்குள், தேவைப்படும் ஓர் ஆளுக்கு, சத்தமில்லாமல் கொடுத்திருக்கிறாள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? எத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் தொண்டை வறளச் சொல்லியிருப்பேன். ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள், என் இடத்துக்கு வரப்போகிறவள்.

கூப்பன் பொய் என்று அமீனா பீயிடம் அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அது நான் செய்த பொய்க் கூப்பன் என்று அப்புறம் ஜொவிட்டாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் நான் நல்ல முறையில் புத்தி மட்டும் சொன்னேன். “சீக்கிரமாகவே போய்விடுங்கள். முதல் ஆளாய் மேல்படியில், கதவை ஒட்டி நில்லுங்கள். யார் என்ன சொன்னாலும் வரிசையை விட்டு நகராதீர்கள்” என்றேன். “நீ நல்லா இருக்கணும்மா” என்றார்.

அன்று ராத்திரி நானே அனுப்பினேன். ஆமாம், நான்தான். ஜொவிட்டாவின் எழுத்து இருந்த அதே கூப்பனை, என் கணவரின் எண்ணிலிருந்து, மாம்பலம், கோடம்பாக்கம், சைதாப்பேட்டைப் பக்கத்துக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். அவள் செய்யவில்லை என்பது வேறு விஷயம். என்றைக்காவது செய்யக்கூடியவள்தானே?

ஞாயிறு காலை முதல் பூசை பார்த்துவிட்டு அங்கே போனேன். எதிரே ஒரு டீக்கடை ஓரமாக நின்றுகொண்டேன். குழுவில் காட்டுவதற்குக் கூட்டத்தைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. அப்படியொரு கூட்டத்தை நானும் எதிர்பார்க்கவில்லை. சந்து முழுக்கத் தலைகள். படியோ கட்டடத்துக்கு வெளிப்பக்கமாக ஏறுவது, ஒரே சமயத்தில் இரண்டு பேர் ஏறினால் இடிக்கும் குறுகலான படி. மேலே ஷட்டர் மூடியிருந்தது. அதை ஒட்டி, நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன மாதிரியே அமீனா பீ நின்றார். அங்கிருந்தபடி என்னைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பதிலுக்கு ஆட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் மேலே உள்ள ஜன்னலைத் திறந்து, “இன்னாய்யா இது, அப்படி ஒரு ஆஃபரே கெடியாது, எல்லாம் கலைஞ்சு போங்க” என்றான். மேலே இருந்தவர்கள் இறங்கத் திரும்பினார்கள். கீழே இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. கடை திறந்துவிட்டது என்று நினைத்து மேலே தள்ளினார்கள். நடுவில் யாரோ சறுக்கினார்கள். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் கத்தியிருக்கலாம். நடுத்தெருவில் கத்துவது எனக்கு எப்போதும் பழக்கமில்லை. படமும் சரியாக விழவில்லை. அமீனா பீ மட்டும் கடைசி வரை இடத்தை விட்டு நகரவில்லை என்று மேலே அவர் பக்கத்தில் நின்ற பெண் அப்புறம் அழுதுகொண்டே சொன்னாள். அவ்வளவு கூட்டத்தில் முறையாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

இதில் என்னுடைய பங்கை மறுக்கவில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு படி விட்டு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, யோசித்துப் பாருங்கள்.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். நேற்று ஜொவிட்டா என் வீட்டுக்கு வந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது. “டீச்சர், உங்களையும் யாரோ ஏமாத்தியிருக்காங்க. நல்ல மனசோட எனக்குக் கொடுத்தீங்க. உங்க பேரை நான் போலீஸ்ல சொல்லவே மாட்டேன், இந்த வயசுல நீங்க ஸ்டேஷன் வாசல்ல வந்து நிக்கக் கூடாது. என்கிட்ட இருந்துதான் போச்சுன்னு சொல்லிக்கிறேன்” என்று என் மடியில் தலைவைத்து அழுதாள். அவள் போனதும் குழுவைப் பார்த்தேன். ‘அமீனா அக்காவுக்கு அந்தக் கூப்பனைக் கொடுத்தது நான், என்னை மன்னியுங்கள்’ என்று எழுதியிருந்தாள். அதன் கீழே வரிசையாக ஆறுதல். விசாலாக்ஷி, “உன் மனசு யாருக்கு வரும்டி கொழந்தே” என்று பேசியே அனுப்பியிருந்தாள். தூபாவின் கல்யாணத்தைக் குழுவே எடுத்து நடத்த வேண்டும், ஜொவிட்டா முன்னால் நிற்க வேண்டும் என்று முடிவும் செய்துவிட்டார்கள். முடிவு செய்வதாகச் சொன்ன சனிக்கிழமைக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அமீனா பீயை நினைத்து என்று எழுதிக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், அதுவும்தான்.

என் கணவரின் போன் இதோ இருக்கிறது. கூப்பனைச் செய்தவள் நான், கொடுத்தவள் நான், ஊருக்கு அனுப்பியவள் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். வெளியே இருக்கிறாளே, அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்புவதற்கு முன்னால் உள்ளே கூப்பிட்டு, எனக்கு எதிரிலேயே ஒன்று மட்டும் சொல்லுங்கள், மேடம். அவ்வளவு சொல்லிக்கொடுத்தும், அந்தக் கூப்பன் யாருடையது என்று அவள் ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. கொடுத்தவர் பெயரைச் சொல்வதுதான் மரியாதை.