தம்பிக்கு நான் கொடுத்த வரம்

உங்கள் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். காதுக்குப் பின்னால் வளைகிற இடத்தைக் கொஞ்சம் சூடுகாட்டித் திருத்தினால் சரியாகிவிடும். இத்தனை வருஷம் கண்ணாடிக் கடை நடத்துகிறவன் சொல்கிறேன். சரி, அது கிடக்கட்டும். என் தம்பியின் இன்ஹேலர் என் சட்டைப் பைக்குள் எப்படி வந்தது என்றுதானே கேட்டீர்கள்? நான் எடுத்தேன், அதனால் வந்தது. ஆனால் ஏன் எடுத்தேன் என்று கேட்காமல் எழுதிக்கொண்டால் என்னை ஏதோ திருடன் என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் கிறிஸ்தவ சபை ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் கூடுகிறது. நான் மூப்பராகிச் சபை நிர்வாகத்துக்கு வருவதற்கு முன்பு அங்கே ஆவிக்குரிய வரங்கள், அதாவது பரிசுத்த ஆவியானவர் விசுவாசிகளுக்குக் கொடுக்கிற திறமைகள், பட்ட பாடு சொல்லி மாளாது. ஒரே ஆராதனையில் ஐந்து பேர் எழுந்து தீர்க்கதரிசனம் சொல்வார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு ஒத்துவராது. பாஸ்டர் தங்கமான மனுஷர், அதாவது யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். ஆளுக்கொரு வரம் உண்டு, யாருக்கு எது என்று நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

எனக்குக் கிடைத்திருப்பது பகுத்தறியும் வரம். அதை யார் கண்டுபிடித்தது என்று கேட்பீர்கள். பகுத்தறிந்து பார்த்தேன், தெரிந்தது.

ஒவ்வொருவருக்கும் அவரவர் வரத்தை எழுதி ஒரு பேட்ஜ் செய்தேன். ஞாயிறு காலையில் மாடிப்படி முடிகிற இடத்தில் நின்று என் கையாலேயே நெஞ்சில் குத்திவிடுவேன். பேட்ஜில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும், அடுத்தவர் வரத்தில் கை வைக்கக் கூடாது. பஸ் டிரைவருக்குத் தீர்க்கதரிசனம் கொடுத்தேன். பெரிய சந்திப்பில் நெரிசல் வரும் என்பார், தவறாமல் நிறைவேறும். கடன் வசூலிக்கும் ஏஜெண்ட் ஒருவருக்கு இரக்கம் கொடுத்தேன். பாவம், வேலை போய்விட்டது. டயர் கடைக்காரருக்குக் குணமாக்கும் வரம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி உண்டு. அவளுக்கு உபசரிப்பு, அதாவது டீ. அவள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். போதிக்கும் வரம் சபையில் யாருக்குமே இல்லை. அதனால் அந்தச் சுமையை நானே சுமந்தேன்.

இப்போது தம்பியிடம் வருகிறேன். குழாய் ரிப்பேர் செய்கிறவன். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. தூசு பட்டால் போச்சு, மூச்சு விசில் அடிக்கும். அவன் படுக்கிற பாயை வெளியே கொண்டுபோய் உதறுவது வீட்டில் என் வேலை. எனக்குத் தெரியாதது அதில் ஒன்றுமில்லை.

அவனுக்கு மேடை கிடையாது, மைக் கிடையாது. ஆனால் ஆராதனை முடிந்தால் கூட்டம் அவனைச் சுற்றித்தான் நிற்கும். யார் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று விசாரிக்க ஆரம்பித்து, யார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்பதில் கொண்டுபோய் முடிப்பான். அழுதுகொண்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். நான் பிரசங்கம் செய்யும்போது அதே ஆட்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். நான் தம்பிக்கே அஞ்ச வேண்டியதாயிற்று. அதை இப்போது சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை.

அவனுக்கு விசுவாச வரம் என்று பேட்ஜ் குத்தினேன். அது பேசுகிற வரம் இல்லை, சார். சும்மா உட்கார்ந்து நம்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் அவன் என்ன செய்தான்? அந்த பேட்ஜைக் குத்திக்கொண்டே, சபை நடுவில், பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அடித்தான். புதிதாக வந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மானம் போயிற்று. தனியே கூப்பிட்டுப் பேசினேன்.

"விசுவாசம்னு நெஞ்சுல எழுதி வெச்சுக்கிட்டு இது என்னடா?"

"எனக்கு விசுவாசம் இருக்குண்ணா. மூச்சுதான் இல்ல."

"பார்க்கிறவங்களுக்கு இடறலா இருக்குல்ல?"

"அண்ணா, வரம் அடுத்தவங்களுக்கு உதவத்தான். நெஞ்சுல குத்திக்கிட்டு அலையறதுக்கு இல்ல. அந்த நர்ஸ் அக்காவ டீ ஊத்த வெச்சிருக்கீங்க, நல்லாவா இருக்கு?" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அவனுக்குக் கோபமே வராது. கோபப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அந்த வாரமே பாஸ்டர் என் கடைக்கு வந்தார். கண் பரிசோதனைக்கு என்று நினைத்து நாற்காலியைத் துடைத்தேன். "பிரதர், போதிக்கிற வரம் உங்க தம்பிக்குத்தான் இருக்குன்னு தோணுது. ஞாயித்துக்கிழமை அவர் மேடையேறி தன் அனுபவத்தைச் சாட்சியா சொல்லட்டும், அதுக்கப்புறம் சபைக்கு அறிவிச்சிடலாம். நீங்களும் ரொம்ப நாளா கஷ்டப்படுறீங்க, ஓய்வு எடுங்க" என்றார். வாழ்நாளில் முதல் முறையாக அந்த மனுஷர் தாமாக ஒன்றைத் தீர்மானித்திருந்தார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

ஞாயிறு காலையில் மேடைக் கம்பளத்தை அங்கேயே உள்ளே வைத்துத் தட்டச் சொன்னேன். ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். கீழே டயர் கடையில் ஞாயிறு லீவு கிடையாது, சத்தம் ஜாஸ்தி. காரணம் நியாயமானதுதான், நீங்கள் போய் நின்று கேட்டுப் பாருங்கள். தம்பி படியேறி வந்ததும் பேட்ஜ் குத்தினேன். குத்துகிற சாக்கில் அவன் பையிலிருந்ததை என் பைக்கு மாற்றினேன். அவன் என்னைப் பார்த்து, "ஜெபம் பண்ணிக்கோங்கண்ணா, மேடை எனக்குப் புதுசு" என்றான். பண்ணிக்கொள்கிறேன் என்றேன்.

நன்றாகத்தான் பேச ஆரம்பித்தான். அதை நான் மறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இருமல் வந்தது, பிறகு இழுப்பு. பையைத் தடவினான். முன்வரிசையிலிருந்து அவன் மனைவி எழுந்து, "மாமா, அவர் மருந்து எங்க? காலையில நான்தானே பையில வெச்சேன்" என்று என்னிடம் கேட்டாள். உட்காரம்மா, கர்த்தரை விசுவாசி என்றேன். மைக்கை எடுத்து, ஆவியானவர் என் தம்பிமேல் இறங்குகிறார், எல்லோரும் துதியுங்கள் என்றேன். கை தட்டினார்கள். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நர்ஸ் மட்டும் டீ மேசையை விட்டு ஓடி வந்தாள். "வழி விடுங்க பிரதர், அவருக்கு உதடு நீலமாகுது." அவள் பேட்ஜைத் தொட்டுக் காட்டினேன். உன் வரம் இது இல்லையே சிஸ்டர் என்றேன். அப்படியே நின்றுவிட்டாள். அதில் எனக்கே ஆச்சரியம்தான். டயர் கடைக்காரர் வந்து தம்பியின் தலையில் கை வைத்தார். பெரிய கை, நல்ல மனுஷர், கண்ணை மூடிக்கொண்டு மனமுருகி ஜெபித்தார். நர்ஸ் அவரைத் தள்ளிவிட்டு மண்டிபோட்டபோது நேரம் கடந்துவிட்டிருந்தது.

அவன் செத்துப்போவான் என்று தெரியுமா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். கடைசியில் அவன் என் சட்டைப் பையைப் பார்த்து விரலை நீட்டினான், சார். பை புடைத்துக்கொண்டிருந்ததை அவன் கண்டுவிட்டான். அவனும் நானும் ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டோம். நான் பைமேல் கையை வைத்து மூடிக்கொண்டேன். தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் கொன்றேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவன் நிஜமாகவே விசுவாசித்திருந்தால் மூச்சு வந்திருக்கும். அந்தக் குறை அவனுடையது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி. உள்ளே வரும்போது என்னிடமிருந்த பிரஷர் மாத்திரையை உங்கள் ஆள் வாங்கி வைத்துக்கொண்டார். சாப்பிடும் வேளை தாண்டிவிட்டது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. தயவுசெய்து சீக்கிரம் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜெபம் பண்ணிப் பார்க்கலாமே என்று சிரிக்காதீர்கள், சார். விசுவாச வரம் கிடைத்தது என் தம்பிக்கு, எனக்கு இல்லை.